கீத்லி டேப்பில் பதினோரு விநாடி

அடுப்புக் கதவு திறந்திருந்தது. டெஸ்ஸின் கை கேசட்டோடு அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

பின்வாசல் வழியாக நான் ஓடிவந்த வேகத்தில் ஒரு நாற்காலி முழங்காலில் மோதிக் கவிழ்ந்தது. குனிந்து பார்க்க நேரமில்லை. பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“விடு, க்வென்.”

“நீ முதல்ல அதைக் கீழ போடு.”

“சுடுதுடி!”

“சுடட்டும்.”

ஐம்பத்தேழு வயது ஆணும் ஐம்பத்தாறு வயதுப் பெண்ணும் ஒரு பிளாஸ்டிக் கேசட்டுக்காக விறகடுப்பு முன்னால் மல்லுக்கட்டுவதை, கையில் தேநீர்க் கோப்பையோடு ஜாய்ஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். டெஸ்ஸின் மனைவி. எனக்குப் போன் செய்தவள் அவள்தான். ‘காலையிலேருந்து பரண்ல ஏறி எதையோ தேடினான். இப்ப அடுப்பு மூட்டறான். ஜூன் மாசத்துல எவனாவது அடுப்பு மூட்டுவானா? சீக்கிரம் வா’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

“டேய், அதை உள்ள போட்டா வீடு பூரா பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். ஜாய்ஸ் உன்னையும் சேர்த்து உள்ள தள்ளிடுவா.”

“தள்ளுவேன்” என்றாள் ஜாய்ஸ், ஒரு வாய் உறிஞ்சிவிட்டு.

டெஸ்ஸின் விரல்கள் தளர்ந்தன. கேசட் என் கைக்கு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. முதுகில் ஒட்டிய காகிதத்தில் அவனுடைய குண்டுக் கையெழுத்து: ‘கீத்லி, நவம்பர் 1988. மூலம்.’

முப்பத்தைந்து வருஷமாக இல்லை என்று எங்களிடம் சத்தியம் செய்துவந்த கேசட்.

“இல்லாத டேப்பையா எரிக்கப் போனே?”

அவன் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தினான். அதிலேயே உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தம்மா இதைக் கேக்கக் கூடாது, க்வென்.”

“ஏன்?”

அடுப்புக் கதவைக் காலால் எட்டிச் சாத்தினான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. நாற்பது நிமிஷப் பயணம். ஹாஸ்பிஸ் என்ற அந்திமக்காலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்த அந்தம்மாவுக்கு, எண்பது வயது ப்ரெண்டா அக்ராய்டுக்கு, மருந்தின் மயக்கம் பகலில் ஒரு மணி நேரம்தான் விலகும் என்று அவர் மகன் சொல்லியிருந்தார். ஒன்றிலிருந்து இரண்டு வரை. நாளைக்கு அந்த ஒரு மணி நேரம் இருக்குமா என்று மருத்துவர்கள் உறுதி சொல்லவில்லை.

*

கேஸ்வொர்க்ஸ் லேன் என்ற இசைக்குழு எங்கள் பக்கத்துப் பையன்கள் நாலு பேர். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம். ‘கிச்சன் லைட்’ என்ற பாட்டு அவர்களுடைய சின்ன இசைத்தட்டு ஒன்றின் பின்பக்கத்தில் வந்தது. வானொலிக்காரர்கள் அதைத் தொடவில்லை. நாங்கள் தொட்டோம். தொட்ட கையை இன்னும் எடுக்கவில்லை.

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான் ஒருவன். எதிர்ச் சாரியில் ஒரு வீட்டின் சமையலறையில் விளக்கு எரிகிறது. தெருவைக் கடந்து போய்க் கதவைத் தட்டலாமா, வேண்டாமா? பாட்டு மொத்தமும் அவ்வளவுதான். முதல் கிட்டார் தூறல் மாதிரி விழும். இரண்டாவது கிட்டார் ஒரு மூச்சு தள்ளி அதையே வேறு மாதிரி சொல்லும். இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் எல்லாமே நின்றுவிடும். நாலு தட்டு நேரத்துக்குக் கிட்டார் இல்லை, டிரம் இல்லை, குரல் இல்லை. அந்த இடத்தில்தான் அவன் யோசிக்கிறான். பிறகு கடைசிச் சரணம். கடந்தானா என்று பாட்டு சொல்லாது.

கடந்தான் என்பவர்களும் கடக்கவில்லை என்பவர்களும் இன்றுவரை சண்டை போடுகிறோம். அந்தச் சண்டையில் ஒரு கல்யாணம் முறிந்தே போனது. என்னுடையது.

நான் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள். அந்தப் பாட்டைக் கேட்டதற்குப் பிறகு, நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஏறவும் ஏறாமல் போகவும் போகாமல் இருக்கிற யாரைப் பார்த்தும் ஹாரன் அடித்ததில்லை. பாட்டு எனக்குச் செய்தது அது. வேறு யாருக்கு என்ன செய்தது என்று எழுதச் சொல்லி, எங்கள் வீட்டு மேஜையிலேயே ஒரு பத்திரிகை ஆரம்பித்தேன். பெயர் ‘நாலு தட்டு’. நகலெடுத்து, மடித்து, ஸ்டேபிள் அடித்து, தபாலில் போவது. இன்றும் வருகிறது.

டெஸ் எங்கள் கூட்டத்தில் ராஜா. காரணம் ஒன்றுதான். 1988 நவம்பரில் கீத்லி என்ற ஊரில், இப்போது கார்ப்பெட் கடையாகிவிட்ட ஒரு நடனக் கூடத்தில், கோட்டுக் காலருக்குள் மைக்கை மறைத்து வைத்து அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தான். அவன் மாதிரிப் பதிவுக்காரர்களுக்கு ஒரு நியமம் உண்டு. கை தட்டக்கூடாது. கூடப் பாடக்கூடாது. பேசக்கூடாது. நகரக்கூடாது. தன் சத்தம் டேப்பில் விழுந்தால் ஆயுளுக்கும் அவமானம். ‘டெஸ் பக்கத்துல நின்னா சுவத்துக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி’ என்பார்கள்.

அந்த டேப்பில்தான் அது இருக்கிறது. நாலு தட்டு மௌனத்தில், மைக்குக்கு மிக அருகில், ஒரு பையனின் குரல்:

“லொரேய்ன்!”

பாட்டு ஒருவனைத் தெருவோரத்தில் நிறுத்தி வைத்திருக்கிற அதே கணத்தில், யாரோ ஒரு பெயரை உயிரைக் கொடுத்துக் கத்துகிறான். கேட்ட எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. சமையலறை விளக்கைப் போட்ட பெண்ணுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்றோம். நகலிலிருந்து நகலாக அந்த டேப் நாடு முழுக்கப் போனது.

‘அடுத்த கச்சேரியில் அந்த நாலு தட்டில் நாமும் கத்துவோம்’ என்று 1990-இல் என் பத்திரிகையில் எழுதினேன். எண்பது பேர் கத்தினார்கள். இப்போது பத்தாயிரம் பேர் கத்துகிறார்கள். சட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். கோப்பையில் அச்சடித்திருக்கிறார்கள். ‘அந்தக் குரல் என்னுடையதுதான்’ என்று எனக்கு எழுதிய ஆண்கள் இதுவரை முப்பத்தொரு பேர். அதில் ஒருத்தர் 1988-இல் பிறக்கவே இல்லை.

கடைசிச் சரணத்தின் முதல் வரி அந்த டேப்பில் கிடையாது. பெயர் கேட்கும், உடனே ஒரு வெட்டு, இரண்டாவது வரியிலிருந்து பாட்டு தொடரும். ‘கேசட் பக்கம் தீர்ந்துபோச்சு, திருப்பிப் போட்டேன். பதினோரு விநாடி போயிடுச்சு’ என்று டெஸ் சொன்னான். நம்பினோம். அது மட்டுமில்லை. அந்த டேப்பை எங்கே போட்டாலும், வெட்டு வருகிற இடத்தில் அந்த வரியை நாங்களே பாடி நிரப்புவோம். அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

மூன்று வாரம் முன்பு முப்பத்திரண்டாவது கடிதம் வந்தது.

‘ஆசிரியருக்கு. என் பெயர் நெவில் அக்ராய்ட். பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பாய்லர் அறையில் ரேடியோ போட்டிருந்தேன். ஏதோ கச்சேரி. திடீரென்று ஆயிரக்கணக்கானவர்கள் என் அக்காவைக் கூப்பிட்டார்கள். விசாரித்தபோது உங்கள் பத்திரிகையைச் சொன்னார்கள். கீத்லியில் கத்தியது நான். எனக்குப் பதினாறு வயது. அக்காவுக்குப் பத்தொன்பது. ஆஸ்துமா. நெரிசலில் அவள் மூச்சு மருந்துக் குப்பி கையிலிருந்து விழுந்துவிட்டது. நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தாள். செய்தித்தாளில் மார்கரெட் அக்ராய்ட் என்று போட்டார்கள், அது சான்றிதழில் இருந்த பெயர். வீட்டில் லொரேய்ன்.

கச்சேரி முடிந்து கூடத்தில் விளக்குப் போட்ட பிறகுதான் உதவி கேட்கப்பட்டது, அதற்கு முன் யாரும் கேட்டதாகச் சாட்சியம் இல்லை என்று விசாரணையில் எழுதினார்கள். நான் கேட்டேன். பாட்டு ஓடும்போதே கேட்டேன். அப்பா நம்பவில்லை. சாகும்வரை என்னோடு பேசவில்லை. அம்மா எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அவர் இப்போது ஹாஸ்பிஸில் இருக்கிறார். அந்த டேப்பில் நான் கத்தியதற்கு அப்புறம் என்ன இருக்கிறது?’

அந்தக் கடிதத்தை அன்று எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கோப்பை விற்றவள் நான். சட்டை விற்றவள் நான்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெஸ் எப்போதும் தொண்ணூறு நிமிஷக் கேசட்தான் போடுவான். ஒரு பக்கம் நாற்பத்தைந்து. கீத்லியில் ‘கிச்சன் லைட்’ ஆறாவது பாட்டு. முதல் ஐந்தும் சேர்ந்து இருபத்திரண்டு நிமிஷம் தாண்டாது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் எந்தப் பைத்தியக்காரன் கேசட்டைத் திருப்புவான்? இத்தனை வருஷம் இத்தனை ஆயிரம் பேர் கேட்டோம். ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. வெட்டில் பாடுவதிலேயே குறியாக இருந்தோம்.

நேற்று போனில் டெஸ்ஸிடம் அதைத்தான் கேட்டேன். நெவிலின் கடிதத்தையும் படித்துக் காட்டினேன்.  இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

*

“நீ வரலேன்னா போ. நானே எடுத்துட்டுப் போறேன். என் பழைய பிளேயர்ல போட்டுக்கறேன்” என்றேன்.

தலையைத் தூக்கினான். “அந்த டப்பாவுலயா? முப்பத்தஞ்சு வயசு டேப்பு, க்வென். ஒரே இழுப்புல அறுத்துடும்.”

“ஆமா, எரிக்கப் போன ஆளுக்கு அறுந்தா என்ன?” என்றாள் ஜாய்ஸ்.

அடுப்புக்குள் விறகு ஒன்று வெடித்தது. டெஸ் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“என்னன்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன். ஆனா நவம்பர் வந்தா நீ தூங்க மாட்டே. முப்பது வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன். போ.”

அவன் எழுந்தான். மாடிக்குப் போனான். மாடி ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பிவிடுவானோ என்றுகூட நினைத்தேன். அப்படி ஒரு முகம். ஐந்து நிமிஷத்தில் இறங்கி வந்தான், ஒரு கையில் செங்கல் கனத்தில் கேசட் மெஷின், மறு கையில் கடிகாரம் பழுது பார்ப்பவர்களுடைய குட்டி ஸ்குரூடிரைவர்.

“அது எதுக்கு?”

“எண்பத்தெட்டுல பதிவு பண்ண மெஷின்ல, டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட் ஒரு முடி சாய்வு. அந்த மெஷின் செத்துப்போச்சு. வேற மெஷின்ல போட்டா கம்பளிக்குள்ள வாய வெச்சுப் பேசற மாதிரி இருக்கும். இதை வெச்சு சாய்வைச் சரி பண்ணணும்.”

“எனக்குச் சொல்லிக் குடு.”

“காதுதான் வேணும். உனக்கு பஸ் என்ஜின்ல போயிடுச்சு.”

அந்த நிலைமையிலும் குத்தினான். அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

*

மேட்டு நிலச் சாலையில் காரை விரட்டினேன். செம்மறி ஒன்று நடுரோட்டில் நின்று முறைத்தது. ஹாரன் அடித்தேன், அதற்கு விதிவிலக்கு உண்டு. மெஷினை மடியில் வைத்துக் குழந்தை மாதிரிப் பிடித்திருந்தான் டெஸ்.

“எத்தனை தடவை கேட்டிருக்கே?”

“ஒரு தடவை. கச்சேரிக்கு மறுநாள்.”

“அப்புறம்?”

“அந்த இடத்தை விட்டுட்டு நகல் எடுத்தேன். மூலத்தைப் பரண்ல போட்டேன்.”

“எதுக்கு விட்டே?”

“நல்லா இல்ல.”

“சத்தம் நல்லா இல்லையா? இல்ல வேற எதாவதா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. டெஸ் கெட்டவன் இல்லை. என் விவாகரத்தின்போது மூன்று மாதம் தன் வீட்டுச் சோபாவைக் கொடுத்தவன். இவன் ஒன்றை எரிக்கப் போனால், யாரையோ காப்பாற்றத்தான் எரிப்பான். யாரை?

நெவிலை.

“டெஸ், அந்தப் பையன் உதவி கேக்கலையா? பேரைக் கத்தினதோட சரியா? அதுக்கப்புறம் டேப்புல ஒண்ணுமே இல்லையா?”

“ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

“அதுதானா? சொல்லு. அவர் இத்தனை வருஷமா தன்னையே ஏமாத்திட்டிருக்காரா? சாகற அம்மா காதுல அதையா போய்ப் போடப் போறேன்?”

“க்வென், ப்ளீஸ்.”

அடுத்த சாலையோர ஒதுக்கிடத்தில் காரை நிறுத்தினேன். பேட்டரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது. முதலில் நாம் கேட்போம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

போன் அடித்தது. நெவில்.

“மேடம், எங்க இருக்கீங்க? அம்மா இன்னிக்கு சீக்கிரமே முழிச்சுட்டாங்க. நர்ஸ் சொல்றாங்க, இந்தத் தெளிவு ரொம்ப நேரம் நிக்காதாம்.”

டெஸ் என்னைப் பார்த்தான். நான் கியரைப் போட்டேன்.

*

நெவில் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான, சலவைச் சட்டை போட்ட மனிதர். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். தாழ்வாரத்தில் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“நெவில், ஒண்ணு சொல்லிடறேன். நான் இன்னும் இதைக் கேக்கல. நீங்க சொன்னது அதுல இல்லேன்னா?”

சாவிக்கொத்தை இறுகப் பிடித்தார்.

“இல்லேன்னா இல்ல மேடம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அம்பது தடவை சொன்னப்புறம் சொன்னதுதான் ஞாபகம் இருக்கு, நடந்தது ஞாபகம் இல்ல. கத்தினேனா, கத்தணும்னு நினைச்சேனா? அம்மாவுக்காகன்னு எழுதினேன். பாதி எனக்காகத்தான்.”

டெஸ் இரண்டடி பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அறையில் வெயில் வந்திருந்தது. தலையணையில் சாய்ந்திருந்த ப்ரெண்டா அக்ராய்ட் ஒரு பறவை அளவுக்குத்தான் இருந்தார். கண்கள் மட்டும் பெரிதாக, விழிப்பாக இருந்தன.

“நீதான் அந்தப் பத்திரிகைக்காரியாம்மா?”

“ஆமாங்க.”

“என் பொண்ணு பேரைக் கத்தச் சொன்னது நீதானாமே.”

வரும் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு மறந்துபோனது. “தெரியாம... எங்களுக்குத் தெரியாதுங்க. நான்...”

“அழாதே. நெவில் போன வாரம் அதைப் போட்டுக் காமிச்சான். எத்தனை பேர் இருப்பாங்க?”

“பத்தாயிரம்.”

“பத்தாயிரம்.” அந்த எண்ணை வாயில் வைத்துப் பார்த்தார். “அவ போனதுக்கப்புறம் அந்தப் பேரை எங்க வீட்ல யாருமே சொன்னதில்ல. அவரும் சொல்லல. நானும் சொல்லல. வெளிய இத்தனை பேர் சொல்லிட்டிருந்திருக்கீங்க. தெரிஞ்சிருந்தா முன்னாடியே ரேடியோ வாங்கியிருப்பேன்.” மூச்சு வாங்கியது. பார்வை என் தோளைத் தாண்டியது. “இது யாரு?”

“இவர்தான் டெஸ். அன்னிக்கு டேப் எடுத்தவர்.”

“கிட்ட வாப்பா.”

டெஸ் போனான். அவர் எலும்புக் கையால் அவன் விரலைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இல்லேன்னா அவ பேரு அந்தக் கூடத்தோட போயிருக்கும். நல்லா இரு.”

  டெஸ் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கட்டிலோர மேஜையில் மெஷினை வைத்துக் கேசட்டைப் போட்டான்.

ஓடியது.

அவன் சொன்னது சரிதான். கம்பளிக்குள் பேசுவது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிட்டார் அந்தக் கிட்டார்தான். தூறல் விழுந்தது. இரண்டாவது கிட்டார் பின்னாலேயே வந்தது. இத்தனை ஆயிரம் முறை கேட்டும், ஒரு மரண அறையில், அந்தப் பாட்டு என்னை அதே தெருவோரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. முதல் சரணம். இரண்டாம் சரணம். நெவில் கட்டிலின் கம்பியைப் பிடித்தார்.

எல்லாம் நின்றது. நாலு தட்டு.

“லொரேய்ன்!”

ப்ரெண்டாவின் கண்கள் மூடிக்கொண்டன.

இந்த இடத்தில்தான் நாங்கள் பாடுவோம். என் உதடுகள் தானாக அசைந்தன. கடித்துக்கொண்டேன்.

வெட்டு வரவில்லை. கடைசிச் சரணத்தின் முதல் வரி, முப்பத்தைந்து வருஷமாக நாங்களே பாடி நிரப்பிய வரி, பாடகனின் சொந்தக் குரலில் எழுந்தது. அதற்கு அடியில், மங்கலாக, உடைந்து, இன்னொரு குரல்.

“...மூச்சு வரல... எங்கக்காவுக்கு மூச்சு வரல... கதவைத் திறங்க... யாராவது...”

பாட்டு தொடர்ந்தது. டெஸ் பொத்தானை அழுத்தினான். நின்றது.

தாழ்வாரத்தில் ஒரு தள்ளுவண்டி உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“நெவில்” என்றார் ப்ரெண்டா.

“அம்மா.”

“நீதான்.”

“ஆமாம்மா.”

“கேட்டிருக்கே.”

“கேட்டேம்மா. கேட்டேன்.” ஐம்பத்தொரு வயது மனிதர் சாவிக்கொத்துக் குலுங்க முழங்காலிட்டார். அவர் தலையில் அம்மாவின் கை வந்து விழுந்தது. வருட பலம் இல்லை. அப்படியே கிடந்தது.

“நான் கேட்டிருக்கணும்டா. உன்கிட்ட நான் கேட்டிருக்கணும்.”

சுவரில் சாய்ந்துகொண்டேன்.  அவ்வளவுதான். கேட்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நேரத்துக்குள் தெரிந்துவிட்டது. இதை எரிக்கவா இந்த முட்டாள் அடுப்பு மூட்டினான்? திரும்பி டெஸ்ஸைப் பார்த்தேன். ‘வா, போகலாம், அவங்களைத் தனியா விடு’ என்று கண்ணால் சொன்னேன்.

அவன் நகரவில்லை. டேப்பைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“டெஸ், போதும்.”

“போதும்ப்பா” என்றார் ப்ரெண்டாவும். “எனக்கு வேண்டியது கேட்டுட்டேன்.”

“இல்லம்மா” என்றான். “நீங்க முழுசா கேக்கல. ஹெட் சாஞ்சிருக்கு. மேல் சத்தமெல்லாம் அமுங்கிப்போச்சு. மெல்லிசா பேசறது எதுவும் விழல.”

“பரவாயில்லைங்க சார்” என்றார் நெவில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இதுவே போதும்.”

“உங்களுக்குப் போதும். எனக்கு...” 

மெஷினின் முன்பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் ஸ்குரூடிரைவரை நுழைத்தான். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை பிடித்தது. பொத்தானை அழுத்தினான்.

இரண்டாம் சரணத்தின் கடைசி வரி. கால் சுற்று திருப்பினான். முதலில் டேப்பின் சீறல் எழுந்தது. பிறகு டிரம்மின் தகடுகள் பளிச்சென்று திறந்துகொண்டன. இன்னும் ஒரு முடி. கம்பளி விலகியது. கூடம் முழுவதும் அறைக்குள் வந்தது. ஈரக் கோட்டுகளின் உரசல், காலடிகள், யாரோ இருமுவது, யாருடையதோ மூச்சு. முப்பத்தைந்து வருஷத்தில் கீத்லியை இவ்வளவு துல்லியமாக நான் கேட்டதே இல்லை. எங்கள் யாருக்கும் இந்தக் காது கொடுத்துவைக்கவில்லை. அவன் கண்கள் அந்த ஓட்டையை விட்டு நகரவில்லை.

நாலு தட்டு.

“லொரேய்ன்!”

கடைசிச் சரணம் தொடங்கியது. பையனின் குரல் இப்போது ஒவ்வொரு சொல்லாக வந்தது. “எங்கக்காவுக்கு மூச்சு வரல! கதவைத் திறங்க! யாராவது!” ஒரு துணி இழுபடும் சத்தம். குரல் திரும்பி, தணிந்து, மைக்குக்கு நேர் எதிரே வந்தது.

“அண்ணே... அண்ணே, ஒரு கை பிடிங்கண்ணே. தூக்கிடலாம்.”

அதற்கும் கிட்டே, காலருக்கு இரண்டு விரல் மேலே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல், இருபத்திரண்டு வயதில்:

“ஷ்ஷ்! டேப் ஓடுது.”